விபத்தைத் தாங்கும் அணு எரிபொருள் வில்லைகள்: தூள் உலோகவியல் முறைத் தயாரிப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எரிபொருள் வில்லை என்பது எது?

மின்சாரம் தயாரிக்கும் பெரும்பாலான அணு உலைகளில் யுரேனியம் டையாக்சைடு என்னும் கரிய பீங்கான் வகைப் பொருளே எரிபொருளாகப் பயன்படுகிறது. அதைச் சிறு உருளைகளாகச் செய்து, சிர்க்கோனியக் கலவையால் ஆன மெல்லிய நீண்ட குழாய்களுக்குள் வரிசையாக அடுக்குகிறார்கள். அந்த உருளைதான் வில்லை. அழுத்த நீர் உலைகளில் அதன் விட்டம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர், உயரம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். அணுப்பிளவு நடக்கும் இடமும் இதுவே. பிளவில் உண்டாகும் கதிரியக்கப் பொருள்களில் மிகப் பெரும்பகுதியை வெளியே விடாமல் பிடித்துவைத்திருக்கும் முதல் தடுப்பும் இதுவே. குழாய்ச் சுவர் இரண்டாவது தடுப்புதான்.

‘விபத்தைத் தாங்கும்’ என்று சொல்வது எந்த விபத்தை?

குளிர்விக்கும் நீர் கிடைக்காமல் போகும் விபத்தை. உலையை அணைத்த பின்னும் பிளவுப் பொருள்களின் சிதைவால் வெப்பம் வந்துகொண்டே இருக்கும். அணைத்த நொடியில் அது முழுத் திறனில் 6 முதல் 7 சதவீதம் வரை இருக்கும். ஒரு மணி நேரத்துக்குப் பின் 1.5 சதவீதம் அளவுக்குக் குறையும். 3,000 மெகாவாட் வெப்பத்திறன் கொண்ட உலையில், ஒரு மணி நேரம் கழித்தும் சுமார் 45 மெகாவாட் வெப்பத்தை யாராவது அகற்றியாக வேண்டும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமா தாயிச்சி நிலையத்தில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் மின்சாரத்தைத் துண்டித்தபோது அகற்ற முடியாமல் போனது இந்த வெப்பம்தான். மூன்று உலைகளின் மையம் உருகியது.

அங்கே நிலைமையை மோசமாக்கியது வில்லை அன்று, குழாய். ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியசைக் கடந்தால் சிர்க்கோனியம் நீராவியோடு மிக வேகமாக வினைபுரியும். ஒரு கிலோ சிர்க்கோனியம் முழுவதும் வினைபுரிந்தால் ஏறத்தாழ 6.5 மெகாஜூல் வெப்பமும், இயல்பு நிலையில் ஏறத்தாழ 490 லிட்டர் ஹைட்ரஜன் வாயுவும் வெளிப்படும். ஏற்கெனவே சூடேறிய மையத்தை இந்த வினை மேலும் சூடாக்கும். வெளியேறிய ஹைட்ரஜன் கட்டடத்தின் மேல்பகுதியில் சேர்ந்து வெடிக்கும். 1, 3, 4 ஆம் அலகுகளின் கட்டடங்கள் சிதறியது அப்படித்தான். இதையடுத்து 2012 முதல் அமெரிக்க எரிசக்தித் துறை, நாடாளுமன்றத்தின் பணிப்பின்பேரில், விபத்தைத் தாங்கும் எரிபொருளுக்கான ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. தென்கொரியா, பிரான்ஸ், ஜப்பான், ரஷ்யா, சீனா ஆகியவையும் தத்தம் வழியில் இறங்கின.

குற்றவாளி குழாய் என்றால் வில்லையை ஏன் மாற்ற வேண்டும்?

நியாயமான கேள்வி. உண்மையில் முதல் தீர்வும் குழாயில்தான் தேடப்பட்டது: சிர்க்கோனியத்தின்மேல் குரோமியப் பூச்சு, இரும்பு-குரோமியம்-அலுமினியக் கலவைக் குழாய், சிலிக்கான் கார்பைடு குழாய் எனப் பல. ஆனால் விபத்து தொடங்கும் நொடியில் குழாய்க்கு எவ்வளவு வெப்பம் வந்து சேரும் என்பதை வில்லை தீர்மானிக்கிறது.

யுரேனியம் டையாக்சைடு வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும் பொருள். அறை வெப்பநிலையில் அதன் வெப்பங்கடத்துத்திறன் ஒரு மீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு 8 வாட் அளவில் இருக்கும். 1,000 டிகிரியில் அது 3 வாட்டுக்கும் கீழே போய்விடும். உருளை வடிவ வில்லையில், நடுப்பகுதிக்கும் விளிம்புக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைக் கணக்கிட எளிய சூத்திரம் உண்டு: ஒரு மீட்டர் நீளத்தில் உண்டாகும் வெப்பத்தை, வெப்பங்கடத்துத்திறனின் 4 பை மடங்கால் வகுக்க வேண்டும். (வில்லையின் விட்டம் இதில் வருவதே இல்லை என்பது பலருக்கு வியப்பளிக்கும்.) மீட்டருக்கு 20 கிலோவாட் என்று கொண்டு, கடத்துத்திறனை 3 என்று வைத்தால் வேறுபாடு ஏறத்தாழ 530 டிகிரி. அதே வெப்பத்தை, கடத்துத்திறன் 15 உள்ள பொருள் ஏறத்தாழ 106 டிகிரி வேறுபாட்டில் வெளியேற்றிவிடும். நடுப்பகுதி குளிர்ந்திருந்தால் வில்லைக்குள் தேங்கிய வெப்பம் குறைவு. நீர் போன உடனே குழாயை நோக்கிப் பாய்வதும் குறைவு. அதோடு, பிளவில் உண்டாகும் செனான், கிரிப்டான் வாயுக்கள் குளிர்ந்த வில்லையிலிருந்து மெதுவாகவே வெளியேறும் என்பதால் குழாய்க்குள் அழுத்தமும் கட்டுக்குள் இருக்கும்.

அப்படியானால் இந்த வில்லை ஃபுகுஷிமா போன்ற விபத்தைத் தடுத்துவிடுமா?

தடுக்காது. சிதைவு வெப்பத்தின் அளவை எந்த வில்லையாலும் குறைக்க முடியாது. நீர் வராமலேயே போனால் எந்த எரிபொருளும் இறுதியில் கெடும். புதிய எரிபொருள் தருவது அவகாசம். அதுவும் பெரும்பாலும் சில மணி நேரக் கணக்கில். பம்பையும் மின்னாக்கியையும் கொண்டுவந்து பொருத்தும் அளவுக்கு அந்த நேரம் போதுமா என்பதுதான் நிலைய இயக்குநர் கேட்க வேண்டிய கேள்வி. விளம்பரங்களில் வரும் ‘உருகவே உருகாத எரிபொருள்’ போன்ற சொற்களை நம்ப வேண்டியதில்லை.

உருக்கி வார்க்காமல் தூளை அழுத்திச் செய்வது ஏன்?

யுரேனியம் டையாக்சைடு உருகுவது 2,850 டிகிரிக்கு அருகில். அதை உருக்கி அச்சில் ஊற்றுவது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால் காரணம் அது மட்டுமன்று. வில்லைக்குள் நுண்துளைகள் குறிப்பிட்ட அளவில் இருந்தாக வேண்டும். அடர்த்தி கோட்பாட்டு அளவான கன சென்டிமீட்டருக்கு 10.96 கிராமில் 95 அல்லது 96 சதவீதமாக இருப்பதையே தொழிற்சாலைகள் விரும்புகின்றன. மீதமுள்ள நான்கைந்து சதவீத வெற்றிடம், பிளவுப் பொருள்களால் வில்லை வீங்கும்போது அதற்கு இடம் கொடுக்கும். துளை அதிகமானால் வெப்பம் சரியாகக் கடத்தாது, அணு உலைக்குள் வில்லை மேலும் சுருங்கும். குறைந்தால் வீங்கிக் குழாயை முட்டும். இப்படித் துளையையும், படிகப் பரல்களின் அளவையும், ஆக்சிஜன் விகிதத்தையும் ஒருங்கே கட்டுப்படுத்த உதவும் முறை தூள் உலோகவியல்தான்.

வழக்கமான வில்லை எப்படித் தயாராகிறது?

இந்தியாவில் இதைச் செய்வது 1971இல் ஐதராபாத்தில் நிறுவப்பட்ட அணு எரிபொருள் வளாகம். ஜார்க்கண்டின் ஜாதுகுடாவில் வெட்டியெடுத்த தாதுவிலிருந்து பிரித்த மக்னீசியம் டையுரனேட் என்னும் யுரேனியச் சேர்மத்தை அங்கே நைட்ரிக் அமிலத்தில் கரைக்கிறார்கள். கரைப்பான் மூலம் தூய்மைப்படுத்துகிறார்கள். அமோனியா சேர்த்து அம்மோனியம் டையுரனேட்டாக வீழ்படியச் செய்கிறார்கள். அதைச் சூடாக்கினால் யுரேனியத்தின் உயர் ஆக்சைடு. ஹைட்ரஜனில் மீண்டும் சூடாக்கினால் டையாக்சைடுத் தூள். வில்லையின் தலைவிதியில் பாதி இந்த வீழ்படிவுத் தொட்டியிலேயே எழுதப்பட்டுவிடுகிறது: அமோனியா சேரும் வேகமும் கரைசலின் அமிலத்தன்மையும் தூளின் நுண்மையை முடிவு செய்கின்றன, அந்த நுண்மையே பின்னால் சூளைச் சூட்டில் வில்லை எவ்வளவு இறுகும் என்பதை முடிவு செய்கிறது.

மிக நுண்ணிய தூள் அச்சுக்குள் சீராக விழாது. ஆகவே முதலில் இலேசாக அழுத்திக் கட்டியாக்கி, உடைத்து, சலித்து, ஓடக்கூடிய குருணையாக்குகிறார்கள். உயவுப்பொருள் கலந்து, இருபுறமிருந்தும் அழுத்தும் அச்சில் இட்டு அழுத்துகிறார்கள். வெளியே வருவது ‘பச்சை வில்லை’. அதன் அடர்த்தி கோட்பாட்டு அளவில் பாதியைச் சற்றே தாண்டியிருக்கும், விரலால் அழுத்தினால் விளிம்பு உதிரும். பிறகு 1,700 டிகிரியில், ஹைட்ரஜன் கலந்த வாயுச் சூழலில், மணிக்கணக்கில் சூடாக்குகிறார்கள். இதுவே சிண்டரிங். தூள் உருகுவதில்லை, துகள்கள் தொடும் இடங்களில் அணுக்கள் நகர்ந்து கழுத்துகள் உருவாகி, துளைகள் மூடிக்கொள்கின்றன. விட்டம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும்.

அச்சுச் சுவரில் உராய்வு இருப்பதால் வில்லையின் நடுப்பகுதியில் அழுத்தம் குறைவாகச் சேரும். எனவே சுருங்கும்போது நடு அதிகம் ஒடுங்கி, வில்லை இலேசாக உடுக்கை வடிவம் பெறும். அதைச் சாணை பிடித்து நேராக்க வேண்டும். அணு உலைக்குள்ளும் இதே போல நுனிகள் விரிந்து குழாயில் பதியும் என்பதால், இரு முகங்களிலும் சிறு குழிவும் விளிம்புச் சரிவும் அச்சிலேயே அமைக்கப்படுகின்றன.

இதே வில்லையைச் சிறிது மாற்றி விபத்தைத் தாங்கச் செய்ய முடியாதா?

முடியும், இன்று வணிக உலைகளுக்குள் உண்மையில் சென்றிருப்பவற்றில் பெரும்பாலானவை இந்த வகையே. தூளோடு மிகச் சிறிதளவு குரோமியம் ஆக்சைடு, எடையில் 0.16 சதவீத அளவில், சேர்த்தால் சிண்டரிங்கின்போது பரல்கள் வேகமாக வளர்கின்றன. வழக்கமான வில்லையில் 10 மைக்ரோமீட்டர் அளவிலிருக்கும் பரல், இதில் 50 மைக்ரோமீட்டரைத் தாண்டும். பரலின் உள்ளே பிறந்த வாயு அணு விளிம்பை அடையக் கடக்க வேண்டிய தூரம் கூடுகிறது. வாயு வெளியேறுவது தாமதமாகிறது. இந்த வில்லை சூட்டில் சற்று இளகியும் கொடுக்கும். எனவே குழாயை முட்டும்போது அதைக் கிழிப்பதற்குப் பதில் தானே வளைந்துகொடுக்கிறது.

இதில் கைப்பக்குவம் வாயுச் சூழலில்தான் இருக்கிறது. ஹைட்ரஜனில் ஈரம் எவ்வளவு என்பது ஆக்சிஜன் நிலையைத் தீர்மானிக்கிறது. மிக வறண்டால் குரோமியம் ஆக்சைடு உலோகமாக ஒடுங்கிப் பயனற்றுப்போகும். சரியான ஈரத்தில் அது பரல் எல்லைகளில் மெல்லிய திரவப் படலமாகிப் பரல் வளர்ச்சியைத் தூண்டும். பிரான்சின் ஃப்ராமடோம் நிறுவனம் இவ்வகை வில்லைகளைக் குரோமியம் பூசிய குழாய்களில் அடைத்து, 2019இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள வோக்டல் 2 ஆம் அலகில் ஏற்றியது. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் வில்லையில் குரோமியத்தோடு அலுமினியம் ஆக்சைடும் சேர்கிறது. ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும்: வெப்பங்கடத்துத்திறன் இதனால் கூடுவதில்லை.

கடத்துத்திறனைக் கூட்ட வேறு பொருள் கலக்கலாமே?

கலக்கிறார்கள். பெரிலியம் ஆக்சைடு, சிலிக்கான் கார்பைடு, மாலிப்டினம் மூன்றும் முயலப்பட்டுள்ளன. கலக்கும் பொருள் தனித்தனிப் புள்ளிகளாகச் சிதறிக் கிடந்தால் பயன் குறைவு. தொடர்ச்சியான வலையாக வில்லை முழுவதும் ஓடினால்தான் வெப்பம் அதன் வழியே வெளியேறும். தென்கொரிய அணுசக்தி ஆய்வு நிறுவனம் யுரேனியம் டையாக்சைடுக் குருணைகளின்மேல் மாலிப்டினத் தூளைப் பூசி அழுத்தி, நுண்ணறைகளின் சுவர்களெல்லாம் உலோகமாக இருக்கும் வில்லையைச் செய்தது. தூள் உலோகவியலின் அழகான பயன்பாடு என்றே இதைச் சொல்லலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு: பெரிலியத் தூளைச் சுவாசித்தால் நுரையீரலுக்குக் கொடிய கேடு, மாலிப்டினம் நியூட்ரான்களை விழுங்கும், சேர்த்த பொருளின் இடத்துக்கு யுரேனியம் குறையும்.

யுரேனியம் சிலிசைடு பற்றி அதிகம் பேசப்படுவது ஏன்?

யுரேனியத்தைக் குறைக்காமல் கடத்துத்திறனைக் கூட்டுவதால். மூன்று யுரேனிய அணுக்களுக்கு இரண்டு சிலிக்கான் அணுக்கள் என்ற விகிதத்திலுள்ள இந்தச் சேர்மத்தின் கடத்துத்திறன், சூடேறச் சூடேறக் கூடும். ஒரு கன சென்டிமீட்டரில் 11.3 கிராம் யுரேனியம் அடங்கும். டையாக்சைடில் அது சுமார் 9.7 கிராம்தான். இதன் உருகுநிலை 1,665 டிகிரி மட்டுமே என்பது பலவீனம். நடுப்பகுதி குளிர்ச்சியாகவே ஓடுவதால் இயல்பு இயக்கத்தில் அது பொறுத்துக்கொள்ளக்கூடிய பலவீனம்.

இது புதுப்பொருளும் அன்று. ஆய்வு உலைகளை உயர்செறிவு யுரேனியத்திலிருந்து விலக்கும் முயற்சியில், அலுமினியத்துக்குள் சிலிசைடுத் தூளைத் தூவிய தகடுகள் உருவாக்கப்பட்டு, 1988இல் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் ஏற்பைப் பெற்றன. மும்பை டிராம்பேயில் 2018 செப்டம்பரில் இயங்கத் தொடங்கிய மேம்படுத்தப்பட்ட அப்சரா உலையின் எரிபொருளும் இத்தகைய தகடே. ஆனால் தகட்டில் தூளாக இருப்பது வேறு. தனித்து நிற்கும் அடர்ந்த வில்லையாகச் செய்வது வேறு.

சிலிசைடு வில்லையை எப்படிச் செய்கிறார்கள்?

அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வகம் இதில் முன்னோடி. டையாக்சைடைப் போலத் திறந்த பட்டறையில் இதைச் செய்ய முடியாது. உலோக யுரேனியத் தூளும் நுண்ணிய சிலிசைடுத் தூளும் காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கலாம். எனவே ஏறத்தாழ எல்லாப் படிகளும் ஆர்கான் நிரம்பிய கையுறைப் பெட்டிக்குள் நடக்கின்றன.

யுரேனிய உலோகத்தை ஹைட்ரஜனில் இலேசாகச் சூடாக்கினால் அது ஹைட்ரைடாகிப் பொடிந்து விழும். வெற்றிடத்தில் மேலும் சூடாக்கினால் ஹைட்ரஜன் வெளியேறி உலோகத்தூள் மிஞ்சும். சிலிக்கானை அதோடு சீராகக் கலக்க இது வசதி. சரியான விகிதத்துக்கு எடையில் சுமார் 7.3 சதவீதம் சிலிக்கான் தேவை. நடைமுறையில் சற்றுக் கூடுதலாகவே போடுகிறார்கள். ஏனெனில் சிலிக்கான் குறைந்தால் யுரேனியம் மிகுந்த வேறு சேர்மமும் தனி உலோகமும் பரல்களிடையே தங்கி, கதிர்வீச்சில் மிகையாக வீங்கும். கலவையை மின்வில் உலையில் உருக்கி, உறைந்த கட்டியைப் புரட்டிப் போட்டு மீண்டும் உருக்கி, ஒருபடித்தாக்குகிறார்கள்.

அதன் பின்பே தூள் உலோகவியல் தொடங்குகிறது. கட்டி கண்ணாடியைப் போல நொறுங்கும் தன்மையுடையது. இடித்து, அரவை எந்திரத்தில் சில மைக்ரோமீட்டர் முதல் சில பத்து மைக்ரோமீட்டர் வரை அரைக்கிறார்கள். அதிகம் அரைத்தால் நன்றாக இறுகும். ஆனால் தூளின் மேற்பரப்பு பெருகி, பெட்டிக்குள் மிச்சமிருக்கும் அற்ப ஆக்சிஜனையும் உறிஞ்சி, இறுதியில் வில்லைக்குள் டையாக்சைடுத் திட்டுகளாகத் தெரியும். எங்கே நிறுத்துவது என்பது அனுபவத்தால் வருவது. சிறிதளவு பிணைப்பியுடன் அழுத்தி, முதலில் மிதமான சூட்டில் பிணைப்பியை ஓட்டிவிட்டு, பின் 1,500 டிகிரிக்கு அருகில் வெற்றிடத்திலோ ஆர்கானிலோ சிண்டர் செய்கிறார்கள். உருகுநிலைக்கு இவ்வளவு நெருக்கமாகச் செல்வதால் சூளையின் வெப்பநிலைக் கட்டுப்பாட்டில் தவறுக்கு இடமில்லை. இப்படிக் கோட்பாட்டு அடர்த்தியில் 94 சதவீதத்துக்கு மேல் எட்டப்பட்டது. அந்த வில்லைகள் ஐடஹோவிலேயே உள்ள மேம்பட்ட சோதனை உலையில் கதிர்வீச்சுக்கு உள்ளாக்கப்பட்டன; குறைந்த எரிப்பு அளவில் (யுரேனியத்தில் சிறுபகுதியே பிளந்திருந்த நிலையில்) எடுத்துப் பார்த்தபோது வாயு வெளியேற்றம் குறைவாகவே இருந்தது. 2019இல் வெஸ்டிங்ஹவுஸ் இல்லினாயின் பைரன் 2 ஆம் அலகில் சிலிசைடு வில்லை அடங்கிய சோதனைக் குழாய்களையும் ஏற்றியது.

இவ்வளவு நன்மை இருந்தும் ஏன் எல்லா உலைகளுக்கும் வரவில்லை?

நீர்தான் காரணம். குழாயில் ஊசித்துளை விழுந்து சூடான நீரோ நீராவியோ உள்ளே புகுந்தால், சிலிசைடு ஆக்சிஜனேற்றமடைந்து பொடிந்துவிடும். டையாக்சைடு வில்லையோ அதே நிலையில் பெரும்பாலும் கலையாமல் நிற்கும். நீரால் குளிர்விக்கப்படும் உலைக்கு, நீரைக் கண்டால் பொடியாகும் எரிபொருளை ‘விபத்தைத் தாங்கும்’ என்ற பெயரில் கொடுப்பது முரண் அல்லவா? அலுமினியம், குரோமியம் போன்றவற்றைச் சேர்த்து இதைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். ஆனால் சேர்க்கச் சேர்க்க யுரேனிய அடர்த்தி என்ற மூல நன்மை கரைகிறது. அரை நூற்றாண்டாக டையாக்சைடு நிலைத்ததற்கு அதன் மோசமான கடத்துத்திறனையும் மீறிய ஒரு காரணம் இருந்தது என்பதை இந்த ஆய்வுகளே நிரூபிக்கின்றன என்பது என் கருத்து.

யுரேனியம் நைட்ரைடு இதைவிட மேலானதா?

அடர்த்தியில் மேலானது: ஒரு கன சென்டிமீட்டரில் 13.5 கிராம் யுரேனியம். கடத்துத்திறனும் நன்று, உருகுநிலையும் உயர்வு. நீராவிச் சிக்கல் இதற்கும் உண்டு. தூளைச் செய்யும் முக்கிய வழி, டையாக்சைடையும் கரித்தூளையும் கலந்து நைட்ரஜன் ஓட்டத்தில் சூடாக்குவது. எஞ்சும் கரியும் ஆக்சிஜனும் வில்லையின் தரத்தைக் கெடுக்கும். இயற்கை நைட்ரஜனின் பெரும்பகுதியான நைட்ரஜன்-14 நியூட்ரானை விழுங்கிக் கார்பன்-14 ஆக மாறும் என்பதால், இயற்கையில் 0.4 சதவீதத்துக்கும் குறைவாக உள்ள நைட்ரஜன்-15ஐச் செறிவூட்டிப் பயன்படுத்த வேண்டியிருக்கும். நீரே இல்லாத உலைக்கு இது பொருத்தமானது: ரஷ்யாவின் செவர்ஸ்க்கில் 2021இல் கட்டுமானம் தொடங்கிய, ஈயத்தால் குளிர்விக்கப்படும் பிரெஸ்ட் உலைக்கு யுரேனிய-புளூட்டோனிய நைட்ரைடே எரிபொருள்.

மின்பொறி சிண்டரிங் என்றால் என்ன?

கிராஃபைட் அச்சிலுள்ள தூளை அழுத்திக்கொண்டே, அதன் வழியாக வலுவான மின்னோட்டத்தைச் செலுத்தும் முறை. மணிக்கணக்கில் நடப்பது நிமிடங்களில் முடியும். பரல் வளரவும், கலந்த பொருள்கள் தமக்குள் வினைபுரியவும் நேரமிராது. சிலிக்கான் கார்பைடு கலந்த வில்லைகளுக்கு இது பெரிதும் உதவுகிறது. ஆனால் ஓர் உலைக்கு இலட்சக்கணக்கில் தேவைப்படும் வில்லைகளை இப்படிச் செய்துதள்ள இன்றைய எந்திரங்கள் போதா.

தமிழ்நாட்டு உலைகளில் இவை பயன்படுமா?

கல்பாக்கத்தின் கனநீர் உலைகளுக்கு ஐதராபாத்திலிருந்தும், கூடங்குளத்துக்கு ரஷ்யாவிலிருந்தும் எரிபொருள் வருகிறது. இரண்டிலும் யுரேனியம் டையாக்சைடு வில்லைகளே. கூடங்குளத்தில் உள்ளதைப் போன்ற 1,000 மெகாவாட் வகையைச் சேர்ந்த ரஸ்தோவ் 2 ஆம் அலகில், ரஷ்யா 2021இல் குரோமியம் பூசிய குழாய்களையும் குரோமியம்-நிக்கல் கலவைக் குழாய்களையும் சோதனைக்கு ஏற்றியது. கூடங்குளத்துக்கு மாற்றம் வருமானால் அந்த வழியாகவே வர வாய்ப்பு அதிகம்.

கல்பாக்கத்தில் வேறொரு தொடர்பும் உண்டு. 1985இல் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலைச் சோதனை உலை, யுரேனிய-புளூட்டோனியக் கார்பைடு வில்லைகளால் ஓடுகிறது. அவையும் காற்றில் தீப்பற்றும் தூளிலிருந்து, டிராம்பேயின் கையுறைப் பெட்டிகளுக்குள் அழுத்தி சிண்டர் செய்யப்பட்டவையே. அங்கே குளிர்விப்பது திரவ சோடியம் என்பதால் நீர்ச் சிக்கல் எழவில்லை. சிலிசைடோ நைட்ரைடோ செய்யத் தேவையான கைத்திறன் இந்தியாவில் புதிதாகத் தொடங்க வேண்டிய ஒன்றன்று.

தரத்தில் தேறாத வில்லைகளை என்ன செய்கிறார்கள்?

எறிவதில்லை. விரிசல் விட்ட, விளிம்பு உடைந்த, அளவு தவறிய டையாக்சைடு வில்லைகளைக் காற்றில் சில நூறு டிகிரிக்குச் சூடாக்கினால் அவை உயர் ஆக்சைடாக மாறும். அப்போது பருமன் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விரிவதால் வில்லை தானாகவே தூளாகிவிடும். அந்தத் தூளை நேரடியாகச் சிறு அளவில் புதுத் தூளுடன் கலக்கலாம்; அல்லது மீண்டும் அமிலத்தில் கரைத்து முதலிலிருந்து தொடங்கலாம். குரோமியம் சேர்த்த வில்லைகளைத் தனியே பிரித்து வைக்க வேண்டும். அவற்றின் தூள் சாதாரணத் தொகுப்பில் கலந்தால் அந்தத் தொகுப்பு முழுவதிலும் பரல் அளவு தாறுமாறாகும்.